ரெண்டு மணி நேர நாடகம்

மூணு நிமிஷம் பேசுன்னு சொன்னாங்க. அண்ணன் செத்து, காரியமெல்லாம் முடிஞ்ச பெறகு, ஸ்கூடாய்ல இருக்கிற ஒரு சங்கத்துல அவருக்கு நினைவுக் கூட்டம் வச்சாங்க. சங்கத் தலைவரு எனக்குப் போன் பண்ணி, "சாந்தி, நீதானேம்மா கடைசி வரைக்கும் அவரு நாடகத்துல நடிச்சவ. ஒரு மூணு நிமிஷம் பேசு. அதுக்கு மேல போனா ஒய்பி பேச நேரம் இருக்காது"ன்னாரு. ஒய்பின்னா எங்க நாட்டுல சட்டமன்ற உறுப்பினரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! வயித்து வலின்னு ஒரு பொய்யச் சொல்லி போன வச்சுட்டேன். கூட்டத்துக்கும் போகல. ஆனா அண்ணன் உசுரோட இருந்து, அவரையே அவரப் பத்திப் பேசக் கூப்பிட்டிருந்தா, "மூணு எதுக்குங்க? ரெண்டுல முடிச்சிடலாம், அதுக்கென்ன"ன்னு சொல்லிட்டு சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு மேடையேறியிருப்பாரு. அந்த மனுசன் அப்படித்தான்.

நாங்க எல்லாரும் அவர அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். ஃபேக்டரி பஸ் ஓட்டுனாரு. காலையில ஸ்கூடாய்ல எங்க தாமான் குடியிருப்பு முனையில ஏத்தி, தெப்ராவ்ல ஃபேக்டரி வாசல்ல எறக்குவாரு. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து விடுவாரு. ஆளு குட்டை. தலைக்குச் சாயம் பூசுவாரு, ஆனா மீசைக்குப் பூச மறந்துடுவாரு. சட்டைப் பையில எப்பவும் வறுத்த கச்சான் கடலை. சிவப்பு வெளக்கு விழுந்தா ஒண்ணு வாயில போட்டுக்குவாரு.

நான் நாடகத்துல சேந்த கதை சிரிப்புக் கதை. ஒரு நாள் சன்னலோர சீட்டுக்காக ஒருத்தியோட வாய்ச் சண்டை. அவ என்ன என்னமோ சொல்ல, நானும் விடல, அவ பரம்பரையவே இழுத்துட்டேன். அண்ணன் முன்னாடி கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தாரு. ஃபேக்டரி வாசல்ல எறங்கறப்ப, "தங்கச்சி, அந்தச் சண்டைய நாளைக்கு மறுபடியும் போடறியா? இன்னும் கொஞ்சம் நிதானமா, கடைசி சீட்டுக்கும் கேக்கற மாதிரி?"ன்னாரு. அலமாக், இது என்னடா பைத்தியம்னு நெனச்சேன். மறுநாள் போட்டேன். கடைசி சீட்டுல கை தட்டுனாங்க. அன்னையிலேருந்து நான் நடிகை.

எங்க ஒத்திகை எல்லாமே பஸ்ஸுலதான். வேற எங்க போறது? ஷிப்ட் முடிச்சா வீடு, வீட்டுக்குப் போனா சமையல், புள்ளைங்க. ஆனா ஸ்கூடாய் ரோட்டுல காடிங்க மாட்டிக்கிட்டு நிக்கிற நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அத அண்ணன் எடுத்துக்கிட்டாரு. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே, "லெட்சுமி, அந்த வரிய மறுபடி சொல்லு, அழுவாத, அழுவாமச் சொல்லு"ன்னு கத்துவாரு. அதனால எங்களுக்கு ஒரு கோளாறு வந்துச்சு. எங்க நாடகத்துல ஒருத்தரும் எந்திரிச்சு நிக்க மாட்டோம். உக்காந்தே பேசிப் பழகிட்டோம். என்ஜின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித் தொண்டையும் அப்படியே ஆயிப்போச்சு. ஒரு தடவ மேடையில மைக் புடிச்சுப் பேசுனப்ப முன் வரிசையில ஒரு பாட்டையா காதப் பொத்திக்கிட்டாரு.

அண்ணன் எழுதுனதே ஒரே ஒரு நாடகம்தான். ஃபேக்டரி பஸ் ஒண்ணு நடு ரோட்டுல நின்னு போயிடுது. வேற வண்டி வர ரெண்டு மணி நேரமாகும். வருசக் கணக்கா ஒண்ணாப் போயி ஒண்ணா வந்த பொம்பளைங்க, அன்னைக்குத்தான் மொத மொறையா ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துப் பேசறாங்க. அவ்வளவுதான் கதை. நிஜமாவே ரெண்டு மணி நேரம் ஓடணும். பஸ்ஸு எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவு நேரம் ஜனங்களும் அந்த பஸ்ஸுக்குள்ள இருக்கணும்னாரு.

அதுல ஒரு எடம் இருக்கு. லெட்சுமி அக்கா ஒரு பொம்பளையா வருவாங்க. பொறந்து நாலே நாள்ல புள்ளையப் பறி கொடுத்தவ. அதுக்கடுத்த வாரமே வேலைக்கு வந்து, இதே பஸ்ஸுல எல்லார் கூடவும் சிரிச்சுப் பேசிக்கிட்டு போயிருக்கா. ஒருத்திக்கும் தெரியாது. அத அவ சொல்லி முடிக்கறா. அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது. சும்மா கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம். "ஜனங்களுக்குச் சங்கடமா இருக்கணும். இருமுவாங்க, செருப்ப தேய்ப்பாங்க. அதுவும் ஓஞ்சு போற வரைக்கும் பேசக் கூடாது. அப்புறம்தான் சாந்தி, நீ 'வண்டி எப்ப வரும்?'னு கேக்கணும்"னு சொல்லுவாரு. நாடகம் மொத்தமும் அந்த மௌனத்துக்காக எழுதுனதுதான்னு என்கிட்ட ஒரு தரம் சொன்னாரு. அந்த மௌனத்த ஒரு தடவையாவது முழுசா மேடையில வச்சுப் பாத்துடணும். அவரு வேண்டிக்கிட்டதெல்லாம் அது ஒண்ணுதான்.

எவன் விட்டான்?

தீவாளி விருந்துன்னு கூப்பிடுவாங்க. முக்கால் மணி நேரம்னு சொல்லுவாங்க. போயி வேசம் கட்டிக்கிட்டு நிப்போம். ஒய்பி இன்னும் வரலம்பாங்க. அவரு வந்ததும் மாலை, பொன்னாடை, பேச்சு. "கலைஞர்கள வாழும்போதே கௌரவிக்கணும்"னு ஒவ்வொரு ஒய்பியும் பேசுவாரு. எழுதிக் கொடுக்கறவரு ஒருத்தரேதானோ என்னமோ. அப்புறம் ஏற்பாட்டாளரு மேடைக்குப் பின்னாடி ஓடி வருவாரு. "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, சாப்பாடு ஆறிடும், ஒரு பதினஞ்சு நிமிஷத்துல..." அவரு முடிக்கறதுக்குள்ள எங்க அண்ணன், "சுருக்கிடலாம், அதுக்கென்ன"ன்னு சொல்லியிருப்பாரு. ஒரு மூச்சு யோசிக்க மாட்டாரு. எங்க பக்கம் திரும்பி, "குமாரு, நீ வேணாம். கமலா, ஒன் பாட்டு வேணாம். லெட்சுமி, புள்ள சாகல, காய்ச்சலோட நிறுத்திக்க"ம்பாரு. குமாரு பாவம், செக்கியூரிட்டி வேலைக்கு லீவு போட்டுட்டு மொகத்துல பவுடரப் பூசிக்கிட்டு வந்து நிப்பான். நாலு வருசத்துல அவன் மேடையில பேசுனது என் கையில இருக்கிற வெரலு எண்ணிக்கைக்குத்தான் வரும்.

அதுலயும் அவரு கெட்டிக்காரரு, பொய் சொல்லக் கூடாது. எந்த நேரம் கொடுத்தாலும் அதுக்குள்ள ஒரு நாடகம் இருக்கற மாதிரி பண்ணிடுவாரு. தீவாளின்னா பஸ்ஸு சரியாகி எல்லாரும் வீட்டுக்குப் போயி வெளக்கேத்துவாங்க. அன்னையர் தினம்னா பஸ்ஸுல ஒரு அம்மா இருப்பாங்க. ஒரு தாமான்ல டெங்கி ஒழிப்புக்குக் கூப்பிட்டாங்க. நான் போக மாட்டேன்னேன். "பஸ்ஸு நிக்கிற எடத்துல கொசு கடிக்கத்தானே செய்யும்? அதுக்கென்ன, சேத்துடலாம்"னாரு. அன்னைக்கு நாங்க ஆளாளுக்குத் தொடையத் தட்டிக்கிட்டே நடிச்சோம். நல்ல கைதட்டல். சுகாதார இலாகாக்காரரு ஆளுக்கொரு வாளி மூடி கொடுத்து அனுப்புனாரு. புள்ளையப் பறி கொடுத்த தாய் கதையில கடைசியா எங்க கைக்கு வந்தது வாளி மூடி.

சிம்பாங் ரெங்கம் போனத என்னால மறக்க முடியாது. கோயில் திருவிழா. ஞாயித்துக்கெழம, ஓவர்டைம் இருந்துச்சு, எல்லாரும் அத விட்டுட்டு அவரு பஸ்ஸுலயே போனோம். மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டிருக்கோம். ஆர்கெஸ்ட்ரா ஓடுது, லக்கி டிரா ஓடுது, மழையும் வந்துடுச்சு. சாயங்காலம் ஏற்பாட்டாளரு வந்து கையப் பெசையறாரு. நான் நெனச்சேன், இன்னைக்கு அஞ்சு நிமிஷம்தான் போலன்னு. அதுவும் இல்ல. "மேடையேறி ஒங்க பேர மட்டும் சொல்லிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டா, பொன்னாடை போத்திடுவோம்ணே."

அண்ணன் எங்கள வரிசையா நிக்க வச்சாரு. ஆளுக்கொரு கும்பிடு. யாரு என்ன வேசம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஃபேக்டரி சட்டையோட ஏன் இவங்க நிக்கறாங்கன்னு ஜனங்க முழிச்சாங்க. அவரு தோள்ல பொன்னாடை விழுந்துச்சு, கீழ குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு.

திரும்பி வர்றப்ப நான் முன் சீட்டுல உக்காந்து கிழிச்சு விட்டேன். "ஏண்ணே, ஒங்களுக்கு ரோசமே கெடையாதா? முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில என்ன முத்தா உதிர்ந்துடும்?"

ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "முடியாதுன்னு சொன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்கம்மா."

"கூப்பிட்டு மட்டும் என்னத்தக் கிழிச்சாங்க?"

"மேடையில நின்னோம்ல."

லெட்சுமி அக்கா பின்னாலேருந்து, "விடுடி, அவரு கூட மல்லுக்கட்டி ஆவப் போறதில்ல"ன்னாங்க. எனக்கு மனசு ஆறல. அப்பதான் அவர நெனச்சு மொதல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. நல்ல மனுசன்தான். ஆனா எவ்வளவு வெட்டுனாலும் வலிக்காத மனுசன் கிட்ட உக்காந்திருக்கறது நல்லாவா இருக்கும்?

அவரு பொண்டாட்டி ஸ்கூல் கேன்டீன்ல வேலை செஞ்சாங்க. பெரிய வாய்க்காரி, எனக்கு ரொம்பப் புடிக்கும். அவங்க வீட்டுக்குப் போனா சோஃபா மேல பொன்னாடை, டிவி மேல பொன்னாடை, சோறு வடிக்கிற குக்கர் மேலயும் பொன்னாடை. "பாரு சாந்தி, எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரத் தவிர எல்லாத்துக்கும் கௌரவம் உண்டு"ம்பாங்க. அண்ணன் சிரிப்பாரு. "வீட்டுல ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டாரு. கறி கருகிப் போற வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு. மேடைன்னா மட்டும் வாயி தச்சுக்கும்"னு அவங்க சொல்றதையும் கேட்டுக்கிட்டு சிரிப்பாரு.

அந்த நாடகம் ஒரே ஒரு தடவ முழுசா நடந்திருக்கு. பஸ்ஸுல. ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம் சரியான மழை, முன்னாடி எங்கயோ லோரி கவுந்துடுச்சு, ஒரு காடியும் நகரல. அண்ணன் என்ஜின அணைச்சுட்டாரு. "ஆரம்பத்துலேருந்து போலாமா?"ன்னாரு. போனோம். நடிக்காதவங்களும் பஸ்ஸுல இருந்தாங்க, பங்களாதேஷ் பையனுங்க கூட ரெண்டு பேரு. லெட்சுமி அக்கா புள்ள போனத சொல்லி முடிச்சாங்க. யாரும் பேசல. கூரையில மழை மட்டும்தான். நேரம் போயிக்கிட்டே இருக்கு. நான் சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், என் வரி எனக்கு ஞாபகமே வரல, வரணும்னும் தோணல. பாஷை புரியாத அந்தப் பையனுங்க கூட தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க. எவ்வளவு நேரம் கழிச்சு நான் வாயத் தொறந்தேன்னு இன்னைக்கும் தெரியாது. அண்ணன் கண்ணாடியில எங்களப் பாத்துக்கிட்டிருந்தாரு. கச்சான் கையில அப்படியே இருந்துச்சு. அந்த மாதிரி சந்தோசத்த நான் அவரு மொகத்துல வேற எப்பவும் பாத்ததில்ல.

அப்புறம் ஒரு மலாய்க்கார அம்மா வந்தாங்க. கலைக்கு ஒதவி பண்ற ஏதோ ஒரு அமைப்புல அதிகாரி. தெப்ராவ்ல ஒரு பேரங்காடியில எல்லா இனத்துக்காரங்களும் சேந்து பண்ண நிகழ்ச்சியில எங்க பஸ் நாடகத்த பத்து நிமிஷம் பாத்திருக்காங்க. மேடைக்குப் பின்னாடி வந்து, இது எதுலயோ வெட்டுன துண்டு மாதிரி இருக்கே, முழுசு எவ்வளவு நேரம்னு மலாய்ல கேட்டாங்க. அண்ணன் வெக்கப்பட்டுக்கிட்டே, "துவா ஜாம்"னாரு. ரெண்டு மணி நேரம். "அப்ப எனக்கு ரெண்டு மணி நேரமும் வேணும்"னாங்க அந்தம்மா.

ஜேபி டவுன்ல ஒரு மண்டபம். சின்னதுதான், ஆனா குளுகுளுன்னு ஏசி, நல்ல லைட்டு. ஞாயித்துக்கெழம மத்தியானத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும் எங்களுக்கு மட்டும். ஒய்பி கெடையாது, பேச்சு கெடையாது, பொன்னாடை கெடையாது. அந்தம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க. அண்ணன் பஸ்ஸுல இத எங்ககிட்ட சொன்னப்ப குமாரு, "அண்ணே, அப்ப நானும் உண்டா?"ன்னான். "எல்லாரும் உண்டுடா, எல்லா வரியும் உண்டு"ன்னாரு. கமலா அழுதுட்டா. அடுத்த வாரங்கள்ல அவரு வெட்டிப் போட்ட ஒவ்வொரு வரியையும் தேடி எடுத்து ஒட்ட வச்சோம். சிலது அவருக்கே மறந்திருந்துச்சு. லெட்சுமி அக்காதான் எடுத்துக் கொடுத்தாங்க.

அன்னைக்கு ஜனமும் வந்துச்சு. பஸ்ஸுல வர்றவங்க குடும்பத்தோட வந்தாங்க. அண்ணன் பொண்டாட்டி பட்டுப் பொடவையில முன் வரிசை. அந்த அதிகாரி அம்மா அவங்க பக்கத்துல. மேடையில பழைய பஸ் சீட்டுங்க, அவரே கழட்டிக் கொண்டாந்து போட்டது. ஆரம்பம் பிரமாதம். குமாரு பேசுனான், சிரிச்சாங்க. என் சண்டைக்கு விசிலடிச்சாங்க. இப்படி ஒரு நாள் வரும்னு நான் நெனச்சதே இல்ல.

அப்புறம் லெட்சுமி அக்கா சொன்னாங்க. அழுவாம, அண்ணன் சொல்லிக் கொடுத்த மாதிரியே. முடிச்சுட்டு மடியில கைய வச்சுக்கிட்டாங்க.

மண்டபம் அடங்கிப் போச்சு. யாரோ ஒருத்தர் இருமுனாரு. எங்கயோ ஒரு புள்ள, "அம்மா, மறந்துட்டாங்களா?"ன்னுச்சு. ஷ்ஷுன்னாங்க. நான் சன்னல் இருக்கற பக்கமாப் பாக்கணும். அந்தப் பக்கம்தான் தெரைக்கு ஓரமா அண்ணன் நிக்கறாரு. எப்ப பேசணும்னு அவரு தலையாட்டணும், அப்படித்தான் ஏற்பாடு. பாக்கறேன், மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது, அந்த ஏசியில. ஜனங்களப் பாக்கறாரு, கடியாரத்தப் பாக்கறாரு, பின்னாடி கதவப் பாக்கறாரு. கதவுல யாரும் இல்ல. யாரும் வரவும் இல்ல. தலையாட்டுனாரு.

இவ்வளவு சீக்கிரமாவா? நான் நம்பல. பேசாம இருந்தேன். மறுபடியும் ஆட்டுனாரு, வேகமா, ரெண்டு மூணு தரம். "வண்டி எப்ப வரும்?"னு கேட்டேன்.

அதுக்கப்புறம் அவர நிறுத்த முடியல. தெரைக்குள்ளேருந்து கைய ஆட்டறாரு, அத விடு, இதத் தாண்டு. கமலா பாட்டுக்கு வாயத் தொறக்கறா, வேணாங்கறாரு. குமாரு பக்கம் கும்புடறாரு, பேசாதன்னு. நாங்களும் பழக்க தோசத்துல தாண்டித் தாண்டி ஓடுனோம். வண்டி வந்துடுச்சு, நாடகம் முடிஞ்சிடுச்சு. ஜனங்களுக்கு எந்திரிக்கறதா வேணாமான்னு தெரியல. அந்தம்மா இடைவேளைன்னு நெனச்சு உக்காந்தே இருந்தாங்க. மண்டபத்தப் பாத்துக்கற மலாய்க்காரப் பெரியவரு தேத்தண்ணி குடிக்கப் போனவரு அப்பதான் உள்ள வந்து, "சுடா ஹாபிஸ்?"னு கேட்டாரு. முடிஞ்சிருச்சான்னு. பாதி நேரம் கூட ஆகல. அந்தம்மா எங்க எல்லாருக்கும் கை கொடுத்துட்டு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க. திரும்பக் கூப்பிடல.

சீட்டுங்கள பஸ்ஸுல ஏத்திக்கிட்டிருந்தோம். வெளிய வெயிலு இன்னும் சுள்ளுன்னு அடிக்குது. அவரு பொண்டாட்டி பட்டுப் பொடவைய இழுத்துச் செருகிக்கிட்டு ஒரு சீட்டத் தூக்குனாங்க. நான் போயி அவரு முன்னாடி நின்னேன். திட்டத்தான் போனேன். மொகத்தப் பாத்ததும் திட்ட வரல.

"யாருண்ணே நம்மள அவசரப்படுத்துனா? இன்னைக்கு யாரும் கேக்கலியே."

கையில இருந்த ஸ்க்ரூவ உருட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு.

"எனக்கே நீளமா இருந்துச்சும்மா."

வெளியாளு எவனாவது சொல்லியிருந்தா அவன நாலு வார்த்த வஞ்சிட்டு வீட்டுக்குப் போயி தூங்கியிருப்பேன். அன்னைக்கு வையறதுக்கு ஆளே இல்ல.